கேட்டுக்கு வெளியே ஒரு கால்

“...காலக் கழட்டி வெளிய வெச்சுப்போட்டு உள்ள வாங்கறானுங்க தம்பி! செருப்பக் கழட்டுன்னா சரி, கோயிலுன்னு நெனச்சுக் கழட்டிப்போடலாம். இவன் காலக் கழட்டுங்கறான். காலுங்க! எம்பட சொந்தக் காலு! சரி, சொந்தமுன்னு சொல்ல முடியாது, ஆசுபத்திரில குடுத்தது. ஆனா இத்தன வருசமா நாந்தானுங்களே போட்டு நடக்கறேன்? அப்ப அது ஆருதுங்க?”

ஆருது என்று சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் வாயைத் திறக்கவில்லை. மெள்ளத் தலையை ஆட்டினான். பொன்னுவேலுக்கு அது போதும். தலை ஒன்று எதிரே ஆடிக்கொண்டிருந்தால் அவர் ஏற்காட்டிலிருந்து சேலம் வரைக்கும் பேசிக்கொண்டே இறங்கி, பேசிக்கொண்டே ஏறியும் வந்துவிடுவார்.

கிளியூர் ரோட்டில், ‘ஊன்றுகோல்’ இல்லத்தின் கேட்டுக்கு எதிரே இருக்கிற பஸ் நிறுத்தம் அது. ஒரு சிமெண்டு பெஞ்சு, அதை ஒட்டி லட்சுமியின் டீக்கடை, மற்றபடி மூடுபனி. ஊன்றுகோல் என்பது, உடம்பில் ஏதாவது ஒன்று சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் சேர்ந்து தங்கி, மெழுகுவத்தி ஊற்றி, காப்பிக்கொட்டை பொறுக்கி, ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிக்கொண்டு வாழ்கிற இடம். பொன்னுவேல் அங்கே பழைய ஆள். வலது முழங்காலுக்குக் கீழே அவருக்கு ஒன்றுமில்லை. மேலே வாய் இருந்தது. அது இரண்டு கால்களின் ஓட்டத்தையும் சேர்த்து ஓடியது.

இப்போது கக்கத்தில் ஊன்றி நடக்கிற இரண்டு கட்டைகளையும் பெஞ்சில் சாய்த்துவிட்டு, மடியில் துண்டு போர்த்திய நீளமான எதையோ அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். இளைஞன் கம்பளிக் குல்லாயைக் காது மூட இழுத்துவிட்டிருந்தான். வாய் திறந்து கிடந்த அவனுடைய பெரிய பை இருவருக்கும் நடுவில். டவுன் பையோடு இந்த நிறுத்தத்தில் உட்காருகிறவர்கள் எல்லோரும் இல்லத்துக்கு வந்த விருந்தாளிகள் என்பது பொன்னுவேலின் முடிவு. “இல்லத்துக்குத்தானுங்களே?” என்று கேட்டும் பார்த்துவிட்டார். தலை ஆடியது.

“அதான் உங்ககிட்ட மனசு உட்டுப் பேசறனுங்க. இந்த வெனை எங்கிருந்து புடிச்சுதுன்னு கேளுங்க. வெளிநாட்டுல ஒரு சங்கமுங்க. நல்லவங்கதான். சக்கர நாற்காலி, தையல் மிசினு எல்லாம் அவங்க தர்றதுதான். அவங்க சொல்லிப்போட்டாங்க, இனிமே எங்ககிட்ட ஒதவி வாங்கற எடமெல்லாம் ஒறுதிமொழி எடுக்கோணுமுன்னு. என்ன ஒறுதிமொழி? நிலைத்தன்மை ஒறுதிமொழி! புஷ்பலதா மேடம், அவங்கதான் எங்களுக்குப் பெரியவங்க, தங்கமான பொம்பள, ஆனா நொம்பப் படிச்சவங்க பாருங்க, எல்லாத்தையும் கூடத்துல கூட்டி வெச்சு, ‘நாம எல்லாரும் இனி நிலைத்தன்மையோட இருக்கணும்’ங்கறாங்க. நான் எந்திரிச்சேன். எந்திரிக்கறதுக்குள்ள அக்கட்ட இக்கட்ட ஆடிப்போயி, பக்கத்துல இருந்த சித்தன் தோளப் புடிச்சுக்கிட்டேன். ‘ஏனுங் மேடம், ஒத்தக்கால்ல ஆடறவனப் பாத்து நிலையா நில்லுன்னா, இது என்னங்க லொள்ளு?’ அப்டீன்னேன். கூடமே சிரிச்சுதுங்க! சுகுணா சிரிச்ச சிரிப்புல அவ சக்கர நாற்காலி பின்னால உருண்டு போயி செவுத்துல முட்டிச்சு.

“அந்த நிலை இல்லியாமா. பூமி நிலையா இருக்கறதாமா. சரி, பூமி இருக்கட்டும், ஆரு வேண்டாமுன்னா? அடுத்தது சொன்னாங்க பாருங்க... கார்பன் கால்தடத்தப் பாதியாக் கொறைக்கோணும்! நான் மறுக்காவும் எந்திரிச்சேன். ‘மேடம், எம்படத ஏற்கெனவே பாதியாக் கொறைச்சாச்சுங்க. சுகுணாவுக்குத் தடமே கெடையாது, ரெண்டு கோடுதான். மொதப் பரிசு அவளுக்கு, ரெண்டாவது எனக்கு, எழுதிக்கங்க’ன்னேன். சித்தனுக்குக் கண்ணு தெரியாதுங்க. அவன் எந்திரிச்சு, ‘நான் பொறந்ததுலருந்து லைட்டே போட்டதில்ல, என்னைய எதுல சேப்பீங்க?’ங்கறான். மேடம் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணத் தொடச்சுக்கிட்டு, ‘பொன்னுவேல், இவ்ளோ ஆர்வமா இருக்கீங்களே, பேசாம நீங்களே...’”

இந்த இடத்தில் பொன்னுவேல் சட்டென்று பேச்சை நிறுத்தினார். எதிரே இருந்த கேட்டை ஒரு பார்வை பார்த்தார். அங்கே வாட்ச்மேன் சின்னன், ஈரம் ஊறிய ஒரு பாறைக்கல்லின்மேல் கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“...அத உடுங்க. அது என்னமோ சொன்னாங்க. மறந்துபோச்சு.”

தலை ஆடியது.

“மொதல்ல வந்தது சூரிய நாற்காலிங்க. சுகுணாவுக்குன்னே சங்கத்துக்காரங்க அனுப்புனது. தலைக்கு மேல ஓடு போட்டாப்பல கண்ணாடித் தகடு, வெயிலு பட்டா மோட்டாரு ஓடும். நல்லதுதான். பேட்டரி இருக்குதுங்களான்னு கேட்டேன். பேட்டரி பூமிக்கு ஆகாதாமா, அதனால நேரா வெயிலுலயே ஓடும். அட சாமி, இது ஏற்காடுங்க! ஐப்பசி கார்த்திகைல இங்க வெயிலு விருந்தாளியாட்டத்தான வரும், காப்பி குடிச்சுப்போட்டுப் போயிரும். மொத நாளு சுகுணா ஜம்முனு மேட்டுல ஏறிக்கிட்டு இருக்கறா. பாதி மேட்டுல பனி எறங்கிச்சு. நாற்காலி நின்னுபோச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. அப்பத்தானுங்க நான் நிலைத்தன்மைன்னா என்னன்னு கண்ணால பாத்தேன்! அப்புறம் பனி வெலகி வெயிலு வந்துச்சு, சரி கெளம்புமுன்னு பாத்தா, கொரங்கு ஒண்ணு குடும்பத்தோட வந்து தகட்டு மேல படுத்துக்கிச்சு. சூடா இருக்குதாமா! அதுக மேல படுத்திருக்குது, கீழ இவ திட்டறா, நான் கல்லு எடுத்தா, ‘ஐயோ தகடு ஒடஞ்சிரும், சங்கத்துச் சொத்து’ன்னு இவளே என்னையும் திட்டறா. அன்னைக்கிருந்து அந்த நாற்காலில கருவாடு காயுது.

“அப்புறம் உறிஞ்சு குழாயி. சுகுணாவுக்குக் கையி மேல தூக்க வராதுங்க. டம்ளர்ல குழாயப் போட்டு உறிஞ்சித்தான் காப்பி குடிப்பா. அந்தக் குழாயி பிளாஸ்டிக்காமா! காகிதக் குழாயி வந்துச்சு. சூடான காப்பில போட்டா, ரெண்டு உறிஞ்சுல கஞ்சியாப் போகுது. காப்பியும் போச்சு, குழாயும் போச்சு, நடுவுல காகிதத்த முழுங்கிப்போட்டு இருமறா. நான் பப்பாளி எலைக்காம்ப வெட்டிக் குடுத்தேன், ஓட்டையா இருக்குமில்ல? கசந்துபோச்சுன்னு எம்பட மூஞ்சிலயே துப்பிப்போட்டா. தோட்டத்துப் பப்பாளி மரமெல்லாம் எலையில்லாம மொட்டையா நிக்குது பாருங்க, மொட்டையடிச்ச பக்தனாட்ட, அது என்ற வேலைதான்.”

லட்சுமி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, “ஆரம்பிச்சுட்டாரா?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். பொன்னுவேல் காதில் வாங்கவில்லை.

“அதுக்கெல்லாம் காரணம் என்ன தெரியுங்களா? அதோ பாருங்க, கேட்டுல தொங்குது, போர்டு. ‘பிளாஸ்டிக் இல்லா வளாகம்.’ அதோட நின்னிருந்தா வம்பில்ல. மேடம் நெனச்சது கேரி பேக்கு, டீ கப்பு, அவ்வளவுதான். எவனோ ஒருத்தன், புத்தியில்லாதவன், கூட்டத்துல எந்திரிச்சு, ‘அது பத்தாது மேடம், எந்த ரூபத்திலும்னு சேருங்க’ன்னு சொல்லிப்போட்டான். கடவுளுக்குச் சொல்றாப்பல, எந்த ரூபத்திலும்! படிச்சுப் பாருங்க. ‘எந்த ரூபத்திலும், எந்தக் காரணம் கொண்டும், பிளாஸ்டிக் உள்ளே வரக் கூடாது.’ இந்த ஒத்த வார்த்தைதானுங்க எம்பட கால முறிச்சுது!

“அதோட உட்டாங்களா? இதையெல்லாம் கண்காணிக்கறதுக்குன்னு ஒரு பசுமைத் தலைவரு. பச்சைத் தொப்பி, ஒரு விசிலு. அந்தத் தலைவரு பண்ணுன அழும்பு இருக்குதே! சமையக்காரி குப்பாயி தண்ணிக் கொடத்தப் புடுங்கிப்போட்டாரு. அவ மண்பானையத் தூக்கித் தூக்கி இப்ப இடுப்புப் புடிச்சுக் கெடக்கறா. சித்தன் சீப்பு போச்சு, இப்ப தலைய வெரலாலயே கோதிக்கறான், காத்துல ஓடுன கோழியாட்ட இருக்கறான், நல்லவேளை அவனுக்குத் தெரியாது. கடைசில வாட்ச்மேன் சின்னனோட நாற்காலி. நீலக் கலரு பிளாஸ்டிக் நாற்காலிங்க, கையி வெச்சது. மழையோ வெயிலோ அவன் அதுல உக்காந்தாத்தான் கேட்டுக்கே ஒரு மருவாதி. அதையும் ‘எந்த ரூபத்திலும்’னு சொல்லித் தூக்கிட்டுப் போயிட்டாரு தலைவரு. சின்னன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? கல்லத் தள்ளிப் போட்டு உக்காந்தான். உக்காந்து... அந்தப் போர்டப் படிச்சான். படிச்சு முடிச்சுப்போட்டு எம்பட காலப் பாத்தான்.

“அந்தப் பார்வையே எனக்குப் புடிக்கல தம்பி.

“நான் சேலம் போயி காலு வாரு மாத்திக்கிட்டு பஸ்ஸுல வந்து எறங்கறேன். கேட்டுல குறுக்க கையப் போட்டான். ‘ஏனுங், அது என்னதுங்க?’ ‘எதுடா?’ ‘முட்டிக்குக் கீழ.’ ‘காலுடா.’ ‘எதுல செஞ்சது?’ ...என்னத்தச் சொல்றது? பொய்யி சொல்லலாமுன்னா, அவன்தான் முன்னொருக்கா மழைல அதக் கழட்டிக் கவுத்துத் தண்ணி வடிச்சவன். ‘பிளாஸ்டிக்கு’ன்னேன். போர்டுக்குப் பக்கத்துல போயி நின்னு, பள்ளிக்கோடத்துப் புள்ளையாட்ட சத்தமாப் படிச்சானுங்க. ‘எந்த! ரூபத்திலும்! எந்தக்! காரணம்! கொண்டும்!’ நான் கழட்டி லட்சுமி கடைல வெச்சுப்போட்டு, நொண்டியடிச்சுட்டு உள்ள போனேன். அன்னைக்கிருந்து அவன் மூஞ்சியே நான் பாக்கறதில்ல.

“மேடம் கேட்டாங்க, ‘ஏன் பொன்னுவேல், கால் போடலயா?’ன்னு. வாட்ச்மேன் உடலைன்னு சொல்ல முடியுங்களா? நம்ம மானம் என்னாகறது? ‘முன்மாதிரியா இருக்கலாமுன்னு, மேடம்’ அப்டீன்னேன். அவங்க அப்படியே உருகிப்போயி, மூங்கில்ல ஒரு காலு செஞ்சு குடுத்தாங்க. பசுமைக் காலு! அட, அதப் போட்டுக்கிட்டு பகோடா பாயிண்ட் பக்கம் ஒருக்கா போனேன், காத்து உள்ள பூந்து காலு பாட்டுப் பாட ஆரம்பிச்சிருச்சு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு ராகம். ஊருல இருக்கற நாயெல்லாம் பின்னாலயே வருது. டூரிஸ்டுக்காரன் ஒருத்தன் ஆயரம் ரூவாக்கு... சரி அத உடுங்க. மூங்கிலு வெடிச்சுப்போச்சு.

“அப்புறம் சில்வர் ஓக்கு. எஸ்டேட்டுல காப்பிச் செடிக்கு நெழலுக்கு நிக்குமில்ல, அந்த மரத்துல ஒரு காலு. நல்ல கனம். சொன்னா நம்ப மாட்டீங்க தம்பி, அந்த மழைக்கு அது துளுத்துப்போச்சு! காலைல எந்திரிச்சுப் பாக்கறேன், முட்டிகிட்ட ரெண்டு எல. அதாவது பரவால்ல, ஒரு வாட்டி பலா மரத்தடில சித்த நேரம் கண்ணசந்துட்டேன், மிளகுக்கொடி புடிச்சு ஏறிப்போச்சுங்க! எந்திரிக்கவே முடியல. எஸ்டேட்டு ரைட்டரு வந்து, ‘காய்ச்சா மிளகு யாருக்கு?’ன்னு பஞ்சாயத்து. நீங்க சிரிக்காதீங்க, வேணுமுன்னா... கேட்டுப் பாருங்கன்னு சொல்லலாமுன்னா, அந்தக் காலு இப்ப இல்ல. குப்பாயி வெறகுன்னு நெனச்சு அடுப்புல வெச்சுப்போட்டா. அன்னைக்கு இல்லத்துல எல்லாரும் தின்ன சோறு எம்பட கால்ல வெந்ததுங்க. சித்தன் மட்டும் மோந்து பாத்து, ‘இன்னைக்கு பொன்னுவேல் வாசன அடிக்குது’ன்னான்.”

இளைஞன் சிரிக்கவில்லை. கண்களை மூடி, கால் கட்டைவிரலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ஆழ்ந்து கேட்கிறான் என்று பொன்னுவேல் எடுத்துக்கொண்டார்.

“நெசக் காலு எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்களா? காட்டெருமைங்க. சேர்வராயன் மலைக்குப் போற வழில நேருக்கு நேரா நின்னுச்சு. நான் ஒரு அடி வெச்சேன், அது ஒரு அடி வெச்சுது... என்னது? லட்சுமி லாரின்னு சொல்லுவா, அதக் கேக்கறீங்களா? ஆமா, லாரியும் வந்துச்சு. காட்டெருமை லாரிக்குப் பின்னால வந்துச்சு. டாக்டரு சக்கரைன்னு சொல்லுவாரு, அவரு சின்னப் பையன், நம்பாதீங்க. லட்சுமீ! தம்பிக்கு ஒரு டீ! எனக்குச் சக்கர தூக்கலா!”

“குடுக்க மாட்டேன்!” என்றாள் லட்சுமி உள்ளிருந்து.

பொன்னுவேல் குரலைத் தாழ்த்தினார். இதுவரை ஊருக்கே கேட்கப் பேசியவர், இப்போது இளைஞனின் குல்லாய் ஓரமாக வாயைக் கொண்டுபோனார். மடியில் இருந்ததை இறுக்கிக்கொண்டார். கேலி கொஞ்சம் குறைந்திருந்தது.

“இப்ப விசயத்துக்கு வர்றேன் தம்பி. சுகுணா ரூமு பள்ளத்துல. அங்க போனு சிக்னலு ஒரு புள்ளி கெடையாது. மேட்டுல, பலா மரத்தடில மட்டுந்தான் எடுக்கும். அவளுக்கு இருக்கறது ஒரே தங்கச்சி, திருப்பூர்ல. இன்னைக்குப் பிரசவம். காலைலயே ஆசுபத்திரில சேத்தியாச்சு. சாங்காலம் போனு வரும். எப்பவும் அவளத் தள்ளிக்கிட்டு மேட்டுக்குப் போறது நாந்தான். கக்கக்கட்டை வெச்சுக்கிட்டு எப்படீங்க தள்றது? ரெண்டு கையும் கட்டைக்கே போயிருதே? காலு மாட்டுனாத்தான் கையி சும்மா இருக்கும். குப்பாயிக்கு இடுப்பு. மேடம் சேலத்துக்குப் போயிட்டாங்க. சித்தன் நான் தள்றேன்னு தள்ளி, நேராக் கோழிக்கூண்டுக்குள்ள கொண்டுபோயி உட்டுப்போட்டான்.

“‘ஏன் கண்ணு, நான் மேல போயி போன எடுத்துக் கேட்டு, பையனா புள்ளையான்னு வந்து சொல்றேன்’னு சொன்னனுங்க. அவ என்ன சொல்றா தெரியுங்களா? ‘நீ சொன்னா நான் நம்ப மாட்டேன். நீ யானைக் குட்டி பொறந்துச்சுன்னு வந்து சொல்லுவ. எனக்கு என்ற தங்கச்சி கொரலுதான் வேணும்’ங்கறா. சுருக்குனு இருந்துச்சு. இத்தன வருசம் நான் சொன்ன கதைக்கெல்லாம் சிரிச்ச ஒரே ஆளுங்க அவ. சிரிச்சாளே தவுர, ஒண்ணையும் நம்பலைன்னு இன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது.”

அவர் மூக்கை உறிஞ்சினார். பனி என்று சொல்லிக்கொள்ளலாம்.

“அதனால... ஒரு ஒதவி. விருந்தாளிங்க பைய சின்னன் தொறக்க மாட்டான். மேடம் உத்தரவு. இத உங்க பைல வெச்சு உள்ள கொண்டாந்து குடுத்துருங்க. கேட்டத் தாண்டுனதும் வாங்கிக்கறேன். கனமே இல்லீங்க, பிளாஸ்டிக்குதானே! வெக்கட்டுங்களா?”

தலை ஆடியது. ஒரு தடவைக்கு மூன்று தடவை ஆடியது.

“மவராசனா இருங்க சாமி!” பொன்னுவேல் கேட்டுப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, துண்டோடு காலை எடுத்துத் திறந்து கிடந்த பைக்குள் செருகினார். பாதம் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. அதன்மேல் துண்டை இழுத்துவிட்டார். மனப் பாரம் இறங்கியதும் வாய் இன்னும் இளகியது.

“ஒரு வார்த்த மேடம்கிட்டச் சொன்னாத் தீந்துபோற விசயம்தானே, இதுக்கு எதுக்கு இவ்ளோ திருட்டுத்தனமுன்னு நெனப்பீங்க. நெனைக்கலாம். தப்பில்ல. மேடம் அந்த ‘எந்த ரூபத்திலும்’ங்கறத அழிச்சுப்போடுவாங்கதான். ஆனா அழிச்சா, காலு மட்டுமா உள்ள வரும்? கொடமும் வரும், சீப்பும் வரும், சின்னனோட நாற்காலியும் திரும்பக் குடுக்கோணும். அது எப்படீங்க குடுக்கறது? எம்பட கட்டலுக்கு அடியில பத்தரமா இருக்குது... சாங்காலத்துல சித்த நேரம் எடுத்துப் போட்டு உக்காருவேன், அவ்வளவுதான். சும்மா போட்டு வெச்சா பழுதாயிருமில்ல? கையி வெச்சது, முதுகுக்கு நொம்ப எதமா...”

வார்த்தை வெளியே போன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவருக்கே தெரிந்தது.

“...ஆமா, நாந்தான் தலைவரு. என்ன இப்ப? நாந்தான் எந்த ரூபத்திலும்னு எழுதச் சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்! கேக்க எடுப்பா இருந்துச்சு! அதுக்காவ எம்பட காலையேவா... என்னங்க தம்பி, நீங்களும் தலைய ஆட்டறீங்க?”

அப்போது பனிக்குள்ளிருந்து பஸ் வந்தது. இளைஞன் கண் திறந்தான். பரபரப்பாக எழுந்து, பையைத் தோளில் மாட்டி, சோம்பல் முறித்துக் குல்லாயைக் கழற்றினான். அவனுடைய இரண்டு காதுகளிலும், பருத்திக்கொட்டை அளவுக்கு, வெள்ளை வெளேரென்று இரண்டு பாட்டுக் குமிழ்கள். ஒன்றைப் பிடுங்கினான். அதிலிருந்து ‘டிஸ்கு டிஸ்கு’ என்று சத்தம் கசிந்தது.

“ஏதாவது கேட்டீங்களா ஐயா?” என்றான் மரியாதையாக.

பொன்னுவேல் அந்தக் குமிழையும் அவன் காதையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவன் படியில் ஏறினான். பஸ் ஒண்டிக்கடை நாற்சந்திப் பக்கம் நகர்ந்தது. பை வாயிலிருந்து துண்டு நழுவி, ஐந்து பிளாஸ்டிக் விரல்கள் கிளியூர் ரோட்டுக்கு டாட்டா காட்டின.

“டேய்! காலு! எம்பட காலு போகுது! சின்னா! டேய் சின்னா!”

சின்னன் கல்லிலிருந்து எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்து வந்தான். “என்னங் தலைவரே? என்னோட பேச மாட்டேன்னு சொன்னீங்களாமே?”

“காலு பஸ்ஸுல போகுதுடா!”

“பாத்தேன். ஒரு வாரமாத் திட்டம் போட்டுப்போட்டு, கடைசில டிக்கெட் எடுக்காம ஏத்தி உட்டுட்டீங்க. பயப்படாதீங்க. அந்தப் பஸ்ஸு ஒண்டிக்கடைல திரும்பி இந்த ரோட்டுலதான் வரும். கண்டக்டர் ஆசிர் நமக்குத் தெரிஞ்ச ஆளு, மேட்டுக்கு ஏறிப் போயி போன் போடறேன்.”

“அதுக்குள்ள போன் வந்துருமேடா... சுகுணாவுக்கு...” பொன்னுவேலின் குரல் உடைந்தது. ஒரு கதைக்கும் இடமில்லாத குரல்.

“சுகுணாவுக்கு என்ன?”

சொன்னார். பொன்னுவேல் தன் வாழ்நாளில் சொன்னதிலேயே சின்ன விஷயம் அதுதான். காட்டெருமை இல்லை, லாரி இல்லை.

சின்னன் இடுப்பில் கை வைத்து நின்றான். “இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தள்ளிக்கிட்டுப் போயிருப்பேனே? கேட்டுல ஆளு இல்லாம இருக்கக் கூடாது, அவ்வளவுதானே. நீங்க உக்காருங்க.”

“நானா?”

“நீங்கதான். விசிலு உங்ககிட்டயே இருக்குதே.” போகிற வழியில் திரும்பிச் சொன்னான்: “கல்லு கொஞ்சம் ஈரமா இருக்கும். நாற்காலி இருந்துச்சு... ஆரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

பொன்னுவேல் கல்லில் உட்கார்ந்தார். ஈரம் உடனே உள்ளே வந்து நலம் விசாரித்தது. இடது பக்கம் ஒரு முண்டு, வலது பக்கம் ஒரு பள்ளம். எப்படித் திரும்பினாலும் கல் அவரைச் சரியாக அடையாளம் கண்டு குத்தியது. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு சக்கரம் ஏறுகிற சத்தமும், சுகுணா சின்னனை “மெதுவா போ, நீ மாட்டு வண்டியா ஓட்டற?” என்று அதட்டுகிற சத்தமும் கேட்டன. பிறகு அமைதி. பலா மரத்தடியில் போன் மணி. மறுபடி அமைதி. பொன்னுவேல் கல்லின் முண்டை மறந்தார்.

“புள்ளை பொறந்திருக்குதுங்கோ!” சின்னனின் குரல் மேட்டிலிருந்து வந்தது. “பொட்டப் புள்ளை! ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்களாமா!”

“பொய்யி சொல்லாதடா!” என்று இவர் கீழிருந்து கத்தினார். “சுகுணாவச் சொல்லச் சொல்லு!”

பனிக்குள்ளிருந்து சுகுணாவின் சிரிப்பு வந்தது. சுவரில் முட்டுகிற அளவுக்கான சிரிப்பு. “நெசம்தான்! யானைக் குட்டியாட்ட கனமா இருக்குதாம்!”

துடைத்துக்கொள்ளத் துண்டு இல்லை. அதுவும் பஸ்ஸில் போயிருந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

ஒண்டிக்கடையில் திரும்பிய பஸ், ஹாரன் அடித்துக்கொண்டே கேட்டுக்கு நேராக வந்து நின்றது. முன் கண்ணாடிக்குப் பின்னால், எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகிற இடத்துக்குக் கீழே, கால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. துண்டை யாரோ மாலை மாதிரி சுற்றியிருந்தார்கள். கண்டக்டர் ஆசிர் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

“ஏனுங்க பொன்னுவேலு, இத எங்கீங்க வெக்கறது? அந்தப் பையன் பையத் தொறந்து பாத்துப் போட்ட சத்தத்துல டிரைவர் பிரேக்கு மிதிச்சுப்போட்டாரு. பாவம், இன்னும் ஒண்டிக்கடைல தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கறான். உள்ள கொண்டாந்து வெச்சுரட்டுங்களா?”

பொன்னுவேல் காலைப் பார்த்தார். தலைக்கு மேலே தொங்கிய போர்டைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த இடம் குத்தியது. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார்.

“நில்லுங்க! பிளாஸ்டிக்கு. உள்ள உட முடியாது.”

“உங்க காலுங்க!”

“ஆரு காலா இருந்தா என்ன? எந்த ரூபத்திலும்னு போட்டிருக்குது. நான் இப்ப டூட்டில இருக்கறேன். வாட்ச்மேன் வரட்டும். வந்து, எம்பட ரூமுல கட்டலுக்கு அடியில ஒரு நாற்காலி இருக்குது, அத மொதல்ல இங்க கொண்டாந்து போடட்டும். அது உள்ளருந்து வெளிய வந்தாத்தான், இது வெளியருந்து உள்ள போகும்.”

ஆசிர் தலையில் அடித்துக்கொண்டு, காலைக் கேட்டுக்கு வெளியே, போர்டுக்கு நேர் கீழே ஊன்றி வைத்துவிட்டு ஓடி ஏறினார். பஸ் கிளம்பியது. அந்த அதிர்வில் கால் ஒரு ஆட்டம் ஆடியது.

பொன்னுவேல் விரலை நீட்டினார்.

“நிலையா நில்லு.”

நின்றது.